நாணயத்தாளில் ஒரு முகம்



எமது பாடசாலையின் புதிய கட்டடத்துக்குப் பதவியில் உள்ள ஓர் அரசியல்வாதியின் பெயரை வைக்க வேண்டும் என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். "அவர்தானே காசு தந்தார்" என்பது அவர்களுடைய நியாயம். அவர்களுக்கு ஒரு நாணயத்தாளின் கதையைச் சொல்கிறேன்.

ஆபிரிக்காவின் தீவு நாடான சீசெல்ஸ் 1976 ஜூன் 29இல் பிரித்தானியாவிடமிருந்து சுதந்திரம் பெற்றது. அதுவரை அங்கே தாள்களில் இருந்தது எலிசபெத் மகாராணியின் முகம். சுதந்திரத்தோடு ராணி போனார். அதே இடத்தில் முதல் ஜனாதிபதி ஜேம்ஸ் மான்சம் வந்து அமர்ந்தார். முகம் மாறியது, பழக்கம் மாறவில்லை.

ஒரு வருடம்கூட நிறையவில்லை. 1977 ஜூன் 5இல், பொதுநலவாய மாநாட்டுக்காக மான்சம் லண்டனில் இருந்தபோது ஆட்சி கவிழ்ந்தது. கதிரையில் ஏறியவர் அவருடைய பிரதமர் அல்பேர்ட் ரெனே. மான்சம் நாடு திரும்ப 1992 ஆனது. 1979இல் புதிய தாள்கள் வந்தன. அவற்றில் பறவை, ஆமை, மீன். ஆமையை யாரும் பதவி கவிழ்ப்பதில்லையே!

ஆயுதத்தால் ஆட்சி பிடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. மான்சம் மக்கள் தெரிவுசெய்த தலைவர்தான். ஆனால் மக்கள் கொடுத்தது பதவியை மட்டுமே. பணத்தில் முகம் பதிக்கும் உரிமையை அல்ல.

நாமும் பார்த்தோம். 2009இல் வந்த 1000 ரூபாய்த் தாளில் அன்றைய ஜனாதிபதியின் படம். 2015இல் அவர் தேர்தலில் தோற்றார். அவருடைய படத்தோடு அந்தத் தாள் தொடர்ந்து கைமாறியது.

"நல்லது செய்தவரை மதிக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். மதியுங்கள். நன்றி சொல்லுங்கள், துஆச் செய்யுங்கள். ஆனால் அவர் தந்த காசு அவருடைய வாப்பாவின் சொத்தல்ல. தேயிலை பறிப்பவரும் மீன்பிடிப்பவரும் கடைக்காரரும் கட்டிய வரி. அது அவரிடம் இருந்த அமானிதம். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைத்தவர் அதன்மேல் தன் பெயரைப் பொறிப்பாரா?

அந்தச் சுவரில் பாடசாலையின் பெயர் மட்டும் இருக்கட்டும். கூட்டத்தில் இதைச் சொல்ல நான் வருவேன். நீங்களும் வாருங்கள்.