வீட்டு அடுப்பில் இத்தாலியப் பிஸ்கோட்டி: அந்நிய உணவு என்பதே குற்றமாகுமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

மீமிசலிலும் அதனை அடுத்துள்ள கடற்கரை ஊர்களிலும் நம் பெண்பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்து வீட்டிலேயே கேக்கும் பிஸ்கட்டும் சுடப் பழகி வருகின்றனர். அந்த வரிசையில் இப்பொழுது புதிதாக வந்திருப்பது, பட்டை, கிராம்பு மணக்கும் இத்தாலி நாட்டுப் பிஸ்கோட்டி. இதைக் குறித்து இரண்டு விதமான பேச்சுகள் காதில் விழுகின்றன. “வட்டலப்பமும் தொதலும் இருக்க, வெள்ளைக்காரனின் கிறிஸ்துமஸ் பலகாரம் நமக்கு எதற்கு? இது மாற்றாருக்கு ஒப்பாகும் செயலல்லவா?” என்று மூத்தவர்களில் சிலர் கடிந்துகொள்கின்றனர். “மாவும் சர்க்கரையும் முட்டையும்தானே! இதில் மார்க்கம் எங்கே வந்தது?” என்று இளையவர்கள் திருப்பிக் கேட்கின்றனர். இரு சாராருமே அவசரப்படுகின்றனர் என்பது என் கருத்து. அது எந்த நாட்டுப் பலகாரம் என்பது மார்க்கத்தின் கேள்வி அன்று. அதற்குள் என்ன சேர்ந்திருக்கிறது, அது யார் யாரைச் சென்றடைகிறது என்பவையே நாம் கேட்க வேண்டியவை.

முதலில் இந்தப் பலகாரம் என்னவென்று அறிந்துகொள்வோம். பிஸ்கோட்டி என்ற சொல்லுக்கு ‘இருமுறை சுடப்பட்டது’ என்பதே பொருள். நாம் அன்றாடம் சொல்லும் பிஸ்கட் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். மாவை நீளக் கட்டையாக உருட்டி ஒருமுறை சுட்டு, சாய்வாகத் துண்டு போட்டு, ஈரம் வற்றும்வரை மறுமுறை சுடுவார்கள். தேநீரில் நனைத்துத் தின்னும் நம்மூர் ரஸ்க்கும் இதே முறையில் உருவாவதுதான். ஈரம் போய்விட்டால் பண்டம் எளிதில் கெடாது என்பதனால், கப்பலோட்டிகளுக்கும் நெடும்பயணிகளுக்கும் இத்தகைய உலர்ந்த ரொட்டி பல நாடுகளிலும் கட்டுச்சாதமாக இருந்து வந்தது. அரபு நாடுகளில் ‘கஃக்’, ‘பக்ஸமாத்’ என்ற பெயர்களில் வழங்குபவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலிலேயே கஃக் செய்யும் முறை இடம்பெற்றுள்ளது. இத்தாலியில் இன்று பெயர் பெற்று விளங்கும் பாதாம் பிஸ்கோட்டியைப் பிராத்தோ நகரில் அந்தோனியோ மத்தேயி என்பவர் கடை திறந்து விற்கத் தொடங்கியது 1858ஆம் ஆண்டில்தான்.

அதில் சேரும் பொருட்களோ நமக்கு மிகவும் வேண்டியவை. கறுவாப்பட்டை இலங்கையில் விளைந்தது. கிராம்பும் சாதிக்காயும் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்து வந்தவை. போர்ச்சுக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டுக்கு வருவதற்கு முன்னர் இப்பொருட்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்களின் கைகள் வழியாகவே செங்கடலைக் கடந்து, எகிப்தின் அலெக்சாந்திரியாவை அடைந்து, அங்கிருந்து வெனிஸ் நகரத்துக்குச் சென்றன. அந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கே வந்து, காயல் துறைமுகத்தில் ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் வந்து நிற்பதைக் குறித்து வைத்திருக்கிறார். இத்தாலியர் சர்க்கரையை ‘சுக்கெரோ’ என்கின்றனர். அது அரபியின் ‘சுக்கர்’ என்பதிலிருந்து சென்ற சொல். அந்த அரபுச் சொல்லோ பாரசீகத்தின் வழியாக வடமொழியின் ‘சர்க்கரா’விலிருந்து பிறந்தது. நம் நாவில் வழங்கும் சர்க்கரையும் அதே சொல்தான். இவ்வளவு உறவுகளை உள்ளே வைத்திருக்கும் ஒரு பண்டத்தை முழுக்க முழுக்க அந்நியம் என்று ஒதுக்குவதற்கு இடமில்லை.

அப்படியே அது முற்றிலும் அந்நியமாக இருந்தாலும் மார்க்கம் அதைத் தடுக்கவில்லை. உணவுப் பொருட்களில் அடிப்படை அனுமதியே. தடைக்குத்தான் ஆதாரம் வேண்டும் என்பது ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்த விதி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னிலையில் சுட்ட உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, அது தம் சமூகத்தாரின் ஊரில் இல்லாத உணவு என்பதால் தமக்கு விருப்பமில்லை என்று கூறிக் கையை இழுத்துக்கொண்டார்கள். ஆனால் அது ஹராமா என்று கேட்கப்பட்டபோது இல்லை என்றார்கள். அதே விரிப்பில் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. பழக்கமில்லாத உணவைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. பிடிக்காததை ஹராம் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. தபூக் பயணத்தின்போது பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டதும், நபி (ஸல்) அவர்கள் கத்தி கேட்டு, பிஸ்மில்லாஹ் கூறி அதனை நறுக்கினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிப்பதை அபூதாவூதில் காண்கிறோம்.

‘மாற்றாருக்கு ஒப்பாதல்’ என்ற எச்சரிக்கையை நான் இலேசாகக் கருதவில்லை. ஆனால் அறிஞர்கள் விளக்கும் அந்தத் தடை, பிற மதத்தாருக்கே உரிய வழிபாட்டுச் சின்னங்களையும் அவர்களுடைய பண்டிகைக் கொண்டாட்டத்தையும் பற்றியது. இத்தாலியர் ஆண்டு முழுவதும் தின்னும் ஒரு தின்பண்டம் அந்த வரம்புக்குள் வராது. டிசம்பர் 25 அன்று அந்தப் பண்டிகையைக் கொண்டாடும் எண்ணத்தோடு அதனைச் செய்வது வேறு. ஓர் ஓய்வுநாள் மாலையில் பிள்ளைகளுக்காகச் செய்வது வேறு. தம் நாவுக்குத் தோன்றியபடி இது ஹலால், இது ஹராம் என்று அல்லாஹ்வின் மீது பொய் கற்பிக்க வேண்டாம் என அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஹராமை ஹலாலாக்குவது பெரும்பாவம் என்று மேடைதோறும் பேசுகிறோம். ஹலாலை ஹராமாக்குவதும் அதே வசனத்தின் எச்சரிக்கைக்குள் அடங்கும் என்பதை அத்துடன் சேர்த்துப் பேச வேண்டும்.

இனி, இளையவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். மாவிலும் முட்டையிலும் மார்க்கம் எங்கே வந்தது என்று கேட்டீர்கள். இத்தாலியர் பிஸ்கோட்டியை ‘வின் சாந்தோ’ என்ற இனிப்பு மதுவில் நனைத்துத் தின்பது வழக்கம். சில செய்முறைகளில் மாவிலேயே பாதாம் அல்லது சோம்பு மணமுள்ள மதுவைச் சேர்ப்பார்கள். வெண்ணெய்க்குப் பதிலாகப் பன்றிக் கொழுப்புச் சேர்க்கும் பலகாரங்களும் அந்நாட்டில் உண்டு. சுடும்போது சாராயம் ஆவியாகிவிடும் என்ற வாதம் நமக்கு உதவாது. அதிகம் அருந்தினால் போதை தரும் பொருளில் சிறிதளவும் ஹராம் என்பது அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ள நபிமொழி. மதுவை விலைகொடுத்து வாங்குவதே விலக்கப்பட்டிருக்க, அதனை மாவில் ஊற்றுவதற்கு நியாயம் தேட முடியாது.

அடுத்தது வனிலா. அமெரிக்க அரசின் விதிப்படி ‘வனிலா எக்ஸ்ட்ராக்ட்’ என்ற பெயரில் விற்கப்படுவதில் குறைந்தது 35 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் வனிலா எசன்ஸ் புட்டிகளில் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு, சிலவற்றில் இல்லை. புட்டியின் பின்புறத்தைப் படித்தால்தான் தெரியும். திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றிலிருந்து எடுக்கப்படும் ஆல்கஹாலைப் பற்றி இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபினரும் கலந்து வாழும் கடற்கரை நம்முடையது. ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இரண்டுக்கும் இடையே ஐயத்திற்குரியவை உள்ளன, அவற்றைத் தவிர்த்துக்கொள்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, நான்கு ஏலக்காயைத் தட்டிப் போட்டு இந்தச் சிக்கலையே கடந்துவிடலாம். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள்: உறையிலுள்ள பச்சைப் புள்ளி, அப்பொருளில் இறைச்சியும் மீனும் முட்டையும் இல்லை என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஆல்கஹால் இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

இவற்றை நீக்கிவிட்டால் மீதமிருப்பது எளிய, தூய உணவு. மைதா 250 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை இரண்டு, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பட்டைத்தூளும் ஒன்றிரண்டாகத் தட்டிய சோம்பும் ஒவ்வொரு தேக்கரண்டி, கிராம்புத்தூள் கால் தேக்கரண்டி, சாதிக்காய் ஒரு சிட்டிகை, ஏலக்காய் நான்கு. பாதாம் விலை அதிகமென்றால் நம் மாவட்டத்து ஆதனக்கோட்டை முந்திரியே 100 கிராம் போதும். தண்ணீர் சேர்க்காமல் பிசைந்து, இரண்டு நீளக் கட்டைகளாக உருட்டி, 180 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் சுடவும். பத்து நிமிடம் ஆறவைத்து, விரல் கனத்தில் சாய்வாக நறுக்கி, 150 பாகையில் பக்கத்துக்குப் பத்து நிமிடமாக மறுமுறை சுடவும். ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்து, மூடிச் சிறு தீயில் சுடலாம். நேரம் சற்றுக் கூடும். நம் கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நன்கு ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிட வேண்டும். அவ்வாறு வைத்தால் இரண்டு, மூன்று வாரம் மொறுமொறுப்புக் குறையாது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் உழைக்கும் பிள்ளைகளுக்கும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தனுப்ப ஏற்ற பண்டம் இது.

அது யாரைச் சென்றடைகிறது என்பது அடுத்த கேள்வி. அண்டை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு ஓர் ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அதை அற்பமாகக் கருத வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம் பெண்களை விளித்தே கூறியுள்ளார்கள். குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். சுட்ட தட்டை விதவிதமாகப் படம் பிடித்து நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, மணம் மட்டும் சென்றடைந்த பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு துண்டும் கொடுக்காமல் இருந்தால், அந்தச் சமையலில் குறை இருக்கிறது. அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராயினும் இந்த உரிமை அவர்களுக்கு உண்டு. நோன்புக் கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்குத் தூக்குவாளியுடன் வரும் பிற சமயத்துச் சகோதரர்களை நாம் திருப்பி அனுப்புவதில்லை. வீட்டு அடுப்புக்கும் அதே பண்பு வேண்டும்.

இதில் என்னை உண்மையாகவே கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. நம் ஊர்களில் அன்பளிப்பாகத் தொடங்கிய பல பண்டங்கள் சீர் என்ற பெயரில் கட்டாயமாகிவிட்டன. நோன்புச் சீர், பெருநாள் சீர் என்று சம்பந்தி வீட்டுக்குத் தட்டுத் தட்டாகப் பலகாரம் அனுப்ப முடியாமல் கடன் வாங்கும் பெற்றோரை நாம் அறிவோம். நாளை அந்தத் தட்டுகளின் மேல் வண்ணத்தாள் சுற்றிய பிஸ்கோட்டிப் பெட்டியும் ஏறிவிடக் கூடாது. மனமுவந்து கொடுப்பதை வாங்கலாம். எதிர்பார்த்துக் கேட்டு வாங்குவது, அது வட்டலப்பமாயினும் பிஸ்கோட்டியாயினும், பெண்வீட்டார் மீது ஏற்றும் சுமையே. மூத்தவர்கள் ஒரு பலகாரத்தின் பிறந்த ஊரைக் கண்டு கொள்ளும் கோபத்தை இந்தப் பழக்கத்தின் மீது கொண்டால் எத்தனையோ குடும்பங்கள் துஆச் செய்யும்.

சுடும் கைத்திறனை வருமானமாக்க விரும்பும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். வீட்டிலிருந்தபடியே ஹலாலாகச் சம்பாதிக்க இது நல்ல வழி. கணவரோ தகப்பனாரோ காரணமின்றித் தடுக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வணிகருக்கான பதிவைச் செய்துகொள்ளுங்கள். என்னென்ன சேர்த்தீர்கள் என்பதைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். முந்திரியைப் போட்டுவிட்டுப் பாதாம் என்று விற்காதீர்கள். சந்தையில் ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி உங்களுக்குத் தெரிந்ததே. பெட்டியைத் திறப்பவர் உங்கள் சொல்லை நம்பித்தான் பிஸ்மில்லாஹ் கூறுகிறார்.

அல்லாஹ் நம் உணவைத் தூய்மையாக்கி, அதில் பரக்கத் செய்து, அதனைப் பகிர்ந்துண்ணும் மனத்தையும் நமக்கு அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.