12 வோல்ட் என்றால் எத்தனை வோல்ட்?

கம்ப்யூட்டருடன் யு.பி.எஸ். ஒன்றும் வாங்கியிருப்பீர்கள். பெரும்பாலும் அதனுள் இருக்கும் பேட்டரியின் மேல் 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். முழுவதும் சார்ஜ் ஆன பின் மல்டி மீட்டரில் அளந்தால் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். (நீங்கள் யு.பி.எஸ்.ஸைத் திறந்து பார்க்க வேண்டாம்!) இது கோளாறு அல்ல. 12 என்பது அந்த வகை பேட்டரிக்கு வைத்த பெயர். அவ்வளவு தான்.

இந்த 0.7 வோல்ட் தான் எங்களை ஒரு போட்டியிலிருந்து வெளியேற்றியது.

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில், வேறொரு கல்லூரியில் நடந்த ரோபோ போட்டிக்கு நான்கு பேர் போனோம். 'பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது' என்பது விதி. சிறிய 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை இரவு முழுவதும் சார்ஜ் செய்து கொண்டு போனோம். நடுவர் மீட்டரை வைத்தார். 12.7 காட்டியது. விதி மீறல் என்று ஒதுக்கிவிட்டார். அடுத்து வந்த அணியிடமும் அதே வகை பேட்டரி தான். காலையிலிருந்து ஓட்டிப் பார்த்ததில் சார்ஜ் இறங்கி 11.9 காட்டியது. அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. ஒழுங்காக சார்ஜ் செய்தவர்களுக்குத் தண்டனை!

எங்களுடன் வந்த முதலாண்டு மாணவன் தான் சோல்டரிங் வேலை முழுவதும் செய்தவன். அதன் பிறகு அவன் ரோபோ பக்கமே வரவில்லை.

நடுவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மீட்டரைப் பார்த்தார். நாங்கள் லேபிளைப் பார்த்தோம். விதி இரண்டுக்கும் இடம் கொடுத்தது. இப்போது சாஃப்ட்வேர் எழுதும் எனக்கு இது நன்றாகவே புரிகிறது. கம்ப்யூட்டர் நாம் நினைத்ததைச் செய்யாது. சொன்னதைத் தான் செய்யும். புரோகிராமில் பிழை இருந்தால் எழுதியவர் தான் திருத்த வேண்டும். போட்டி விதிக்கும் இதே நியாயம் தான்.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. புதிர்ப் பாதையில் வழி கண்டுபிடித்து ஓடும் எலி ரோபோக்களுக்கான 'மைக்ரோமவுஸ்' போட்டியை 1977ல் அமெரிக்காவின் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழ் அறிவித்தது. 1979ல் நியூயார்க்கில் இறுதிச் சுற்று நடந்தது. யோசித்து வழி தேடும் எலிகளை, சுவரை ஒட்டியே வேகமாக ஓடிய எலி முந்திவிட்டது. விதிப்படி அது சரி தான். பின்னர் 1980ல் லண்டனில் போட்டி நடத்திய ஜான் பில்லிங்ஸ்லி, சேர வேண்டிய இடத்தைப் புதிர்ப் பாதையின் நடுவுக்கு மாற்றினார். சுவரை மட்டும் பிடித்துச் சென்றால் அங்கே போய்ச் சேர முடியாது. ஓட்டையைக் கண்டுபிடித்தவரைத் தண்டிக்காமல், அடுத்த போட்டிக்கு ஓட்டையை அடைத்தார்கள்.

அமெரிக்காவில் 1989ல் தொடங்கப்பட்ட 'ஃபர்ஸ்ட்' அமைப்பு, தன் மாணவர் ரோபோ போட்டிகளில் இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. விதியில் சந்தேகம் கேட்டால், பதிலை எல்லா அணிகளும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். ஒரு அணியின் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் எழுதி வைக்க முடியுமா, நடுவருக்கும் கொஞ்சம் உரிமை வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் தான். ஆனால் அளந்து சொல்லக் கூடிய விஷயத்தில் அந்த உரிமைக்கு வேலை இல்லை. 'லேபிளில் உள்ள வோல்ட் அளவே கணக்கு' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எங்கள் ரோபோ ஓடியிருக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ரோபோ போட்டிக்குப் போகிறதா? விதிகளை ஒரு முறை சேர்ந்து படியுங்கள். எண் வரும் இடத்திலெல்லாம் எப்போது அளப்பார்கள், எதைக் கொண்டு அளப்பார்கள் என்று இமெயிலில் கேட்கச் சொல்லுங்கள். வரும் பதிலைப் பிரிண்ட் எடுத்து, ரோபோவுடன் அதே பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.