யந்திரம் ஓடுகிறது, கம்பெனி கதவைச் சாத்துகிறது!

மில்லில் ரிங் பிரேம் ஓட்டும் தோழர்களுக்குத் தெரிந்த விஷயம் இது. முப்பது வருஷம் ஓடிய பிரேம் ஆனாலும் டேப் அறுந்தால் வேறு போடலாம். ஸ்பிண்டில் தேய்ந்தால் மாற்றலாம். பேரிங் போனால் பிட்டர் பார்த்துக்கொள்வார். செய்து விற்ற கம்பெனியே மூடிப்போனாலும் லேத் பட்டறையில் சாமான் கடைந்து மாட்டி நூல் எடுத்துவிடலாம். கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்த நியாயம் கிடையாதாம்! ஏன்?

கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலைகளையும் மேய்க்கும் மேஸ்திரி போல ஓர் ஏற்பாடு உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். விண்டோஸ் என்பது அதில் ஒன்று. மைக்ரோசாப்ட் கம்பெனியின் சரக்கு. நமது கடிதங்கள், படங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் இணையம் வழியாக வேறொரு கிடங்கில் சேர்த்து வைப்பதற்கு "கிளவுட்" என்று பெயர். அதாவது மேகம்! ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு கம்பெனியின் கட்டடத்தில், மின்சாரத்தைத் தின்றுகொண்டு ஓடும் கம்ப்யூட்டர்கள்தான் அந்த மேகம். நெல் நம்முடையது, குதிர் அவர்களுடையது.

குதிருக்குச் சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள்? விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தது. 2016-ல் டிராப்பாக்ஸ் கம்பெனி, எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்குத் தனது மென்பொருள் இனி இல்லை என்றது. 2022 மார்ச் 1 முதல், தனிநபர் கணக்குகளுக்கு மைக்ரோசாப்டின் ஒன்டிரைவ் மென்பொருள், விண்டோஸ் 7, 8 உள்ள கம்ப்யூட்டர்களிலிருந்து கோப்புகளை ஏற்றுவதை நிறுத்தியது. 2023 ஆகஸ்டில் கூகிள் டிரைவ், விண்டோஸ் 8-ஐக் கைவிட்டது. அவர்களது குரோம் உலாவியும் அந்த வருஷத் தொடக்கத்திலேயே விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது. முன்வாசல் மூடினால் கொல்லைப்புறம் போகலாம் என்றால் அதையும் அடைத்தாயிற்று!

இதில் நம்மவர்களுக்கு என்ன நஷ்டம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஒரு சங்க ஆபீஸை நினைத்துப் பாருங்கள். கிராஜுவிடி வழக்குக்கான சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவுகள், ஒப்பந்த நகல்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. "கிளவுடில் பத்திரமாக இருக்கிறது" என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். கோப்புகளை மேலே ஏற்றும் மென்பொருள் எப்போதோ நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. பழைய காகிதங்கள் மட்டும் மேலே இருக்கும். அதற்குப் பின் சேர்த்த ஒன்றுகூட இராது. ஒரு நாள் ஆபீஸ் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால், லேபர் கோர்ட்டில் எதைக் காட்டுவது?

கம்பெனிக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பழைய சிஸ்டத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, திருடர்கள் புகுந்துவிடுவார்கள் என்கிறார்கள். இது பொய் அல்ல. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற நாசகார நிரல் உலகம் முழுவதும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பொது மருத்துவத் துறையின் 236 நிர்வாக அமைப்புகளில் 81 பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. அடைப்பு போடாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களே அங்கு பெரும்பாலும் மாட்டிக்கொண்டன. அந்த ஓட்டை அமெரிக்க உளவு ஸ்தாபனத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. வெளியே சொல்லாமல் தன் ஆயுதமாக வைத்துக்கொண்டிருந்தது என்பது வேறு கதை.

ஆகவே பழைய சிஸ்டத்தை அப்படியே இணையத்தில் மாட்டி வைத்துக்கொண்டு, "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்று இருப்பது சரியல்ல. இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிளவுட் மென்பொருள் கண்மூடித்தனமாக வேலை செய்யும். நமது கம்ப்யூட்டரில் திருடன் கோப்பைப் பூட்டினால், பூட்டிய கோப்பையே மேலேயும் ஏற்றிவிடும். பழைய பிரதியைச் சில நாட்களுக்குத்தான் வைத்திருக்கும். கண்ணாடியைக் காவல்காரன் என்று நம்பக் கூடாது.

ஆனால் ஓட்டையை அடைக்கும் பொறுப்பு யாருடையது? விற்றவனுடையது. அவனோ அதற்கு விலை பேசுகிறான்! 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. புதிய விண்டோஸ் 11, 2017-க்கு முந்திய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை ஏற்காது. இன்னும் ஒரு வருஷம் அடைப்பு வேண்டுமா? 30 டாலர் கொடு என்றார்கள். பணம் இல்லையா? மைக்ரோசாப்டில் கணக்கு வைத்து, உன் கம்ப்யூட்டரின் அமைப்புகளை எங்கள் ஒன்டிரைவில் சேர்த்துவை என்றார்கள். அங்கே இலவச இடம் 5 ஜிகாபைட், நிரம்பினால் வாடகை. ஐரோப்பாவில் நுகர்வோர் சங்கங்கள் சண்டை போட்ட பிறகு, அங்கே மட்டும் இந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

ரிங் பிரேமைப் பிட்டர் திறந்து பார்க்கலாம். விண்டோஸின் உள்ளே எழுதியிருப்பதை வெளி ஆள் யாரும் திருத்த முடியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. லினக்ஸ் அப்படியல்ல. யாரும் திறக்கலாம், திருத்தலாம், இலவசமாகப் போடலாம். ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாண சர்க்கார், சுமார் 30,000 சர்க்கார் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றுவதென்று 2024-ல் அறிவித்தது. கோப்புக் கிடங்குக்கு நெக்ஸ்ட்கிளவுட் என்ற திறந்த மென்பொருளை எடுத்துக்கொண்டது. அதைச் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம், குதிரும் நம்முடையதாகிவிடும். சிரமம் இல்லை என்று சொல்லமாட்டேன். கூகிளும் மைக்ரோசாப்டும் லினக்ஸுக்குத் தங்கள் கிடங்கு மென்பொருளைத் தருவதில்லை. உலாவி வழியாகப் போகலாம். பழகவும் சில வாரங்கள் பிடிக்கும்.

சங்க ஆபீஸ் தோழர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யலாம். எல்லாக் கோப்புகளையும் ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, கழற்றிப் பீரோவில் பூட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி எடுங்கள். கிளவுடில் கடைசியாக ஏறிய கோப்பின் தேதியையும் பாருங்கள்.

2011-ல் தமிழ்நாடு சர்க்கார் மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் இந்தியாவிலேயே உருவான பாஸ் லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தது. அந்த இரண்டாவது கதவை எத்தனை வீடுகளில் திறந்து பார்த்தோம்? மகளோ மகனோ பரண்மேல் போட்ட அந்த லாப்டாப் இன்னும் இருந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன், இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒரு மனு டைப் அடிக்க அது போதும்.