மூலக் கணக்கும் பெயர்த்தெடுத்த கணக்கும்

திருவனந்தபுரத்து வான ஆராய்ச்சி நிலையம் சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் 1837-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. 1852-இல் அதன் தலைமையை ஏற்ற ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானி, நகரிலும் அகத்தியர் மலைச் சிகரத்திலும் காந்த ஊசியின் அசைவுகளை அளந்து பதியச் செய்தார். 1869 வரையிலான அப்பதிவுகள் அட்டவணைகளாக ஒழுங்கு பெற்று லண்டனில் நூலாக வெளிவந்தது 1874-ஆம் ஆண்டில்தான். அளந்து பதிவது ஒரு தொழில்; பதிந்ததைப் பிறர் நம்பிப் பயன்படுத்தும் வடிவில் எடுத்துத் தருவது வேறொரு தொழில். பின்னது முன்னதைவிட எளிதன்று என்பதற்கு அந்நூல் சான்றாகும்.

இன்று அதே நகரத்தின் அலுவலகங்களில் காந்த ஊசிக்குப் பதிலாகக் கணிப்பொறி இருக்கிறது. கேரள அரசு ஊழியர்களின் பணி விவரங்களும் ஊதியமும் தேசியத் தகவலியல் மையம் அமைத்துத் தந்த 'ஸ்பார்க்' என்னும் மென்பொருளில் உள்ளன. உள்ளாட்சி அமைப்புகளுக்கு 'இன்பர்மேஷன் கேரள மிஷன்' கணக்கு மென்பொருள்களை ஆக்கியளித்தது. ஆயினும் நிதி இலாகா கேட்கும் விவரம் ஒரு வகை. தணிக்கையாளர் கேட்பது மற்றொரு வகை. சட்டமன்றக் கேள்விக்கு வேண்டுவது வேறு வகை. மென்பொருளில் முன்கூட்டி அமைந்த அறிக்கைகளோ ஒரு சிலவே. ஆகவே குமாஸ்தா தேவையான பகுதியைப் பெயர்த்தெடுத்து, எக்ஸெல் போன்ற விரிதாளில் இட்டுக் கூட்டிக் கழித்துத் தருகிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். வெளியே எடுக்க இயலாத கணக்கும் அத்தகையதே. இவ்வழக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் பெயர்த்தெடுக்கும் வழியில் கணக்கு ஓசையின்றித் திரிந்துவிடக்கூடும். திருவனந்தபுரத்தின் தொலைபேசிக் குறியீடு 0471. விரிதாள் இதனை எண் என்று கொண்டால் முதற் சுழியம் மறைந்து 471 என்று நிற்கும். பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணைச் சுருக்கக் குறியீடாக்கிக் காட்டும். அந்நிலையிலேயே எளிய உரைக் கோப்பாகச் சேமித்தால் பிற்பகுதி இலக்கங்கள் அடியோடு போய்விடும். பதினைந்து இலக்கங்களுக்கு மேற்பட்ட கணக்கு எண்களில் பதினாறாவது முதலுள்ள இலக்கங்கள் சுழியமாகிவிடும். ஏப்ரல் ஐந்தாம் நாள், அமெரிக்க முறைப்படி அமைந்த கணிப்பொறியில் மே நான்காம் நாளாகும். பல வேளைகளில் எச்சரிக்கை மணி ஒலிப்பதில்லை.

மேனாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, இங்கிலாந்தில் கொரோனா நோய் கண்டவர்களுள் 15,841 பேரின் விவரம் உரிய பட்டியலில் சேராது போயிற்று. 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காத பழைய விரிதாள் வடிவமே காரணம். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி அதனால் தாமதப்பட்டது. மரபணுக்களின் பெயர்களை விரிதாள் தேதிகளாக மாற்றிவிடுவதைத் தடுக்க இயலாமல், பெயர்களுக்குப் பொறுப்பான சர்வதேசக் குழு 2020-இல் சில மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. கருவிக்கு இணங்க விஞ்ஞானம் தன் சொற்களை மாற்றிக்கொள்ள நேர்ந்த விந்தை இது!

காலத்தால் நேரும் பிழையும் உண்டு. பெயர்த்தெடுத்த பட்டியல் ஒரு நிழற்படம் போன்றது. மூலக் கணக்கோ நாள்தோறும் மாறுவது. திங்கட்கிழமை எடுத்த பட்டியலை வைத்து ஓர் அலுவலகமும், வெள்ளிக்கிழமைப் பட்டியலை வைத்து மற்றோர் அலுவலகமும் அறிக்கை தந்தால், இரண்டும் நேர்மையானவை, இரண்டும் முரண்பட்டவை. விரிதாளிலே கண்ட பிழையை அங்கேயே திருத்திவிட்டு மூலத்தை மறந்தால், அடுத்த மாதம் அதே பிழை உயிர்த்தெழும்.

இவற்றைக் கண்டு, பெயர்த்தெடுப்பதையே தடை செய்ய வேண்டும் என்பார் உளர். அது பொருந்தாது. நாளை எழும் கேள்வியை இன்றே அறிந்து மென்பொருளில் அறிக்கை அமைக்க எவராலும் ஆகாது. வாயிலை அடைத்தால் குமாஸ்தா திரையைப் பார்த்துக் கையால் எழுதுவார். பிழை பெருகுமேயன்றிக் குறையாது. வாயிலைத் திறந்து வைத்து, அங்கே ஒரு காவலை நிறுத்துவதே அறிவுடைமை.

அக்காவல் செலவு மிக்கதன்று. எடுத்த வரிசைகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் மூலத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தபின்னரே பட்டியலைக் கையாள வேண்டும். கூட்டிக் கழிக்கப்படாத குறியீட்டெண்களை எழுத்தாகவே கொள்ள வேண்டும். எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த நிபந்தனையின்படி, யாரால் எடுக்கப்பட்டது என்பது பட்டியலின் தலையிலேயே இருத்தல் வேண்டும். திருத்தம் மூலத்தில் மட்டுமே செய்யப்பட வேண்டும். கேட்ட கேள்விக்குத் தேவையற்ற தனிநபர் விவரங்களை எடுத்தலாகாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இதனை வெறும் நல்லொழுக்கமாக மட்டும் கருதலாகாது. மேலும், புதிய மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்திலேயே, அலுவலகம் தன் தரவு முழுவதையும் பொது வடிவில் வெளியே எடுத்துக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்குதல் வேண்டும். மென்பொருள்கள் மாறும், பதிவுகள் நிலைக்க வேண்டும்.

பதிவு எங்கே, எப்போது, எக்கருவியால் எடுக்கப்பட்டது என்று தெரியாத எண், எத்துணை நுட்பமாயினும், விஞ்ஞானத்திற்குப் பயன்படாது. நிர்வாகக் கணக்கிற்கும் இந்நியதி பொருந்தும். பட்டியலில் ஒரு வரிசை விடுபட்டால், அது அலுவலகத்தாருக்கு ஒரு வரிசைதான். அவ்வரிசைக்கு உரியவர் கணவனை இழந்து குடும்ப ஓய்வூதியத்திற்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணாக இருக்கலாம். கூட்டுத்தொகையை மூலத்தோடு ஒப்பிடச் சில நிமிஷங்கள் போதும். அவளுக்கு அது ஒரு மாதத்து உணவு.