கியர் இல்லாத வண்டிக்கும் கியர் ஒயில் உண்டு

"கியரே இல்லாத வண்டிக்கு என்னத்துக்கு அக்கா கியர் ஒயில்?"

விசுவமடுவில் கூட்டமொன்று முடிந்து, ஸ்கூட்டர்கள் நின்ற வேப்பமரத்தடியில் ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. அங்கு நின்ற எல்லோரும் எஞ்சின் ஒயிலை ஒழுங்காக மாற்றுபவர்கள். கியர் ஒயிலை மாற்றியதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. கராஜிலும் யாரும் சொல்லவில்லையாம்.

காலால் கியர் மாற்றும் வேலை எமக்கு இல்லையே தவிர, ஸ்கூட்டருக்குள் பற்சில்லுகள் இருக்கத்தான் செய்கின்றன. எஞ்சினின் சுழற்சியை ஓர் இறப்பர் பெல்ட் பின்னுக்குக் கொண்டு போகிறது. வேகத்துக்கு ஏற்ப அந்தப் பெல்ட் ஓடும் கப்பிகள் அகன்றும் ஒடுங்கியும் கொடுப்பதால்தான் நாம் கியர் மாற்றத் தேவையில்லை. பெல்ட் காய்ந்தபடியே ஓட வேண்டும், அதில் ஒயில் படக்கூடாது. ஆனால் பெல்ட் கொண்டுவந்த வேகத்தைக் குறைத்துப் பின் சில்லுக்குக் கொடுப்பதற்கு, சில்லை ஒட்டினாற்போல் ஒரு சிறிய பெட்டி உண்டு. அதற்குள் பற்சில்லுகள் ஒயிலில் தோய்ந்தபடி சுழல்கின்றன. எஞ்சின் ஒயிலுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.

அளவு எவ்வளவு தெரியுமா? சில ஸ்கூட்டர்களுக்கு 120 மில்லிலீற்றர்தான். ஒரு தேநீர்க் கோப்பைகூட நிறையாது. இந்தக் கொஞ்ச ஒயில் பழுதாகிப்போனால், அல்லது கசிந்து வற்றிப்போனால், பற்சில்லுகளும் பெயாரிங்கும் தேயும். பின் சில்லுப் பக்கம் ஊளையிடுவது போன்ற சத்தம் வரத் தொடங்கும். அதன் பிறகு பெட்டியைக் கழற்றித்தான் வேலை. அது நாள் கூலியில் அடங்காது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. எம்மில் பலர் ஓட்டுவது அதற்கும் முந்திய, இரண்டு மூன்று கை மாறிய வண்டிகள். முன்பள்ளிக்குப் போவதும், தைத்த உடுப்பைக் கடைக்குக் கொடுப்பதும், பால் கொண்டு போவதும் அதில்தான். வண்டி ஒரு கிழமை நின்றால் வருமானமும் நிற்கும். கடன்காரர் நிற்கமாட்டார்.

இனி வேலைக்கு வருவோம். ஐந்து பத்து நிமிடம் ஓடி ஒயிலைச் சற்றுச் சூடாக்குங்கள். சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துத் திறப்பை எடுத்துவிடுங்கள். பின் சில்லின் பக்கத்திலுள்ள பெட்டியில் இரண்டு போல்ட்டுகளைக் காண்பீர்கள்: மேலே இருப்பது ஒயில் விடுவதற்கு, அடியில் இருப்பது வடிப்பதற்கு. முதலில் மேல் போல்ட்டைக் கழற்றுங்கள். இதை மறக்கவே வேண்டாம். கீழே வடித்துவிட்டு மேலே இறுகிக் கழராமல் போனால், ஒயில் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போக வேண்டியதுதான். மேலது கழன்ற பிறகு, வெட்டிய தண்ணீர்ப் போத்தலை அடியில் வைத்துக் கீழ்ப் போல்ட்டைக் கழற்றுங்கள். சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மிச்சமும் வடியும்.

வடிந்ததைக் கொட்டுவதற்கு முன் நன்றாகப் பாருங்கள். போல்ட் நுனியில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தால் பயமில்லை. இரும்புத் துகள்கள் கையில் தட்டுப்பட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால் விட்ட தேநீர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

கீழ்ப் போல்ட்டைப் புது வொஷருடன் பூட்டுங்கள். பெட்டி அலுமினியம். உடம்புப் பலம் எல்லாம் போட்டு இறுக்கினால் புரி போய்விடும், இறுகியது கைக்குத் தெரிந்தவுடன் நிறுத்துங்கள். புது ஒயிலை மருந்துக்கடைச் சிரிஞ்சால் ஏற்றுவது சுலபம். எந்த ஒயில், எவ்வளவு என்பது வண்டியின் கைநூலில் இருக்கும். சில மாடல்களுக்கு எஞ்சினுக்கு விடும் 10டபிள்யூ-30 ஒயிலே போதும், வேறு சிலவற்றுக்குத் தனிக் கியர் ஒயில் வேண்டும். அளவுக்கு மேல் விட்டால் சீலால் கசிந்து பிரேக்கில் படும். ரயரில் சிந்தியிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்னரே ஓடுங்கள். ஓட்டோ கியர் காருக்கும் இப்படி ஒயில் உண்டு, ஆனால் அதன் அளவெடுக்கும் முறை வேறு. இதைப் படித்துவிட்டு அதில் கை வைக்க வேண்டாம்.

குந்தியிருந்தோ தரையில் அமர்ந்தோ செய்யக்கூடிய வேலை இது. பக்கச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டர் ஓட்டும், கால் இழந்த சகோதரிகள் வண்டி அசையாமல் சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் நல்லது. "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்குச் சாவியும் ஸ்பானரும்" என்று சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் துளியை விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது என்பதை அவர்களுக்குச் சிரித்தபடி நினைவூட்டுங்கள்.

பழைய ஒயிலை வளவில் ஊற்ற வேண்டாம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கிணற்றுக்குள் போனதை அந்தப் பணத்தால் திரும்ப எடுக்க முடியாது. மூடிய போத்தலில் சேர்த்து வைத்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள்.

மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு கடதாசியில் எழுதி சீற்றுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். பழைய வண்டி வாங்கி, முன்னர் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிட்டு அன்றிலிருந்து கணக்கு வையுங்கள். வீட்டில் செய்ய வசதிப்படாதவர்கள் அடுத்த சேர்விஸில், "கியர் ஒயிலும் மாத்துங்கோ அண்ணை" என்று வாய்விட்டுச் சொல்லி, பழைய ஒயில் வடிந்து முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.