உச்சி வெயிலுக்கு என்ன பிளாஷ்?

சுயதொழிலாகப் படம் பிடிக்கத் தொடங்கும் சகோதரிகள் கமரா வாங்கியதும் அடுத்ததாக என்னிடம் கேட்பது பிளாஷ் பற்றித்தான். எங்கள் பகுதியில் சாமத்தியச் சடங்குக்கும் திருமணத்துக்கும் பெண் படப்பிடிப்பாளரை விரும்பி அழைக்கிறார்கள். பெண்பிள்ளைகள் கூச்சமின்றி நிற்பார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் படங்கள் அநேகமாக வீட்டு முற்றத்திலும் கோவில் வீதியிலும் வயல்கரையிலும்தான் பிடிக்கப்படுகின்றன. அங்கே கரண்ட் எடுக்க வழியில்லை. ஆகவே கையில் கொண்டுபோகக்கூடிய, பற்றறியில் இயங்கும் பிளாஷ் வேண்டும்.

இத்தனை வெயிலில் பிளாஷ் எதற்கு என்று கேட்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதியில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் கண்குழியிலும் நாடிக்குக் கீழும் கருநிழல் விழுந்துவிடும். வேப்பமர நிழலுக்குள் போய் நில்லுங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் முகூர்த்தத்தை வைப்பவர் ஐயர், நாங்கள் அல்ல. அந்தக் கருநிழலுக்குள் வெளிச்சம் போடுவதுதான் பகலில் பிளாஷின் வேலை.

இதைச் சின்ன விடயமாக நான் நினைக்கவில்லை. இடம்பெயர்வுகளில் எத்தனையோ குடும்பங்களின் அல்பங்கள் போய்விட்டன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில் ஏந்திய படங்களை நினைத்துப் பாருங்கள். ஏதோவொரு விழாப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தவையும் அவற்றுள் உண்டு. கண் இருட்டுக்குள் இருந்தால் எவ்வளவு பெருப்பித்தும் முகம் வராது.

பிளாஷின் பலத்தைப் பெட்டியில் ‘கைட் நம்பர்’ என்று போட்டிருப்பார்கள். அதை வில்லையின் எவ் எண்ணால் பிரித்தால் வெளிச்சம் எத்தனை மீற்றர் எட்டும் என்று தெரிந்துவிடும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 செக்கன் என்று வைத்தால் எவ் 11 அளவில் நிற்க வேண்டிவரும். கமராவோடு சேர்ந்து வரும் குட்டிப் பிளாஷின் எண் 12 அளவில்தான் இருக்கும். 12 ஐ 11 ஆல் பிரியுங்கள், ஒரு மீற்றர்! மேலே கொழுவும் பிளாஷில் 60 என்று போட்டிருப்பார்கள். அது வெளிச்சத்தை ஒடுக்கிச் சேர்த்து அளந்த கணக்கு. ஒரு குடும்பத்தையே பிடிக்கும் அளவுக்கு விரித்தால் 35 அளவுக்கு இறங்கிவிடும். அப்போது கிடைப்பது மூன்று மீற்றர். வெளிச்சம் மென்மையாக வரவென்று குடைக்குள் அடித்தால் அதிலும் பாதி போய்விடும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் என்ன? பெரும்பாலான கமராக்களில் 1/200 அல்லது 1/250 ஐத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். ‘ஹைஸ்பீட் சிங்க்’ உள்ள பிளாஷில் பட்டை விழாது, ஆனால் பலம் குறையும்.

இனி எதை வாங்குவது? முதலில் கோடொக்ஸ் டிடி 600 போன்ற, பலத்தைக் கையால் கூட்டிக் குறைக்கும் சாதாரண பிளாஷ் போதும் என்பது என் அபிப்பிராயம். நான்கு பென்டோர்ச் பற்றறியில் இயங்கும். திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் வகையில் இரண்டு தொகுதி வைத்திருங்கள். (பற்றறிக்கே தடை இருந்த 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் எங்களுடையது. பற்றறியின் அருமையை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.) ஒருவர் இருவரைப் பிடிக்கும்போது எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை றெஜிபோம் தகட்டைப் பிடித்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

அதைவிடப் பெரியது, 2016 இல் வந்த கோடொக்ஸ் ஏடி 200 போன்ற வகை. மேலே கொழுவும் பிளாஷைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பலம், லிதியம் பற்றறி, ஒரு கிலோ அளவில் பாரம். குடைக்குள் அடித்தாலும் வெயிலோடு ஓரளவு போட்டிபோடும். திருமண வெளிப்புறப் படங்களுக்கு நல்லது. ஆனால் கமராவிலிருந்து அதை இயக்கும் கருவியையும் தனியாக வாங்க வேண்டும். இதற்காக வாராந்த நுண்கடன் எடுப்பதை நான் ஒப்பமாட்டேன். வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசே முன்வர வேண்டிய அளவுக்கு அந்தக் கடன் எங்களை வாட்டியிருக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று விழா உறுதியாகக் கிடைக்கும்வரை வாடகைக்கு எடுங்கள். கிடைக்கும் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

பழையது வாங்குபவர்கள் கவனிக்க: பிலிம் காலத்துப் பிளாஷ் சிலவற்றில் கமராவைத் தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். இன்றைய கமராவை அது பழுதாக்கிவிடும். கமராவையும் கையோடு கொண்டுபோய், பொருந்துகிறதா என்று கேட்டே வாங்குங்கள். பழுதான பிளாஷை வீட்டில் கழற்றவே வேண்டாம். பற்றறியை எடுத்த பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட் அளவில் மின் தேங்கி நிற்கும். லிதியம் பற்றறியை வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்டுப் போகாதீர்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் வெட்டவெளியில் குடையை ஸ்ராண்டில் பூட்டிவிட்டு அப்பால் போகவும் கூடாது. உரப்பை ஒன்றில் மண்ணை நிரப்பி ஸ்ராண்டின் காலில் கட்டுங்கள். அல்லது விழா வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.