வாழ்க்கை வரலாறு எழுத எந்த மென்பொருள்?

நம் மூத்த வணிகர்கள் பலருக்கு இப்போது ஓர் ஆசை வந்திருக்கிறது. கடைப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டாயிற்று. தாம் வந்த வழியைப் பேரன் பேத்திகளுக்காக எழுதி வைக்க வேண்டும் என்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் கணினியில் எதில் எழுதுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இது குறித்து நாம் கருதுவதைச் சொல்ல விரும்புகிறோம்.

வணிகர் எழுதுவது புதிதல்ல. புதுச்சேரியில் வணிகராகவும் துபாஷியாகவும் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அது 1846இல் வெளிச்சத்துக்கு வந்தபோதும் படிக்க முடிந்தது. காகிதமும் தமிழ் எழுத்தும் போதுமானதாக இருந்தன; வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை. மென்பொருளுக்கும் இதுவே உரைகல். இன்று எழுதுவதை ஐம்பது ஆண்டு கழித்துப் பேரன் திறந்து படிக்க முடியுமா?

முதலில் எழுத்துரு. 1990களில் டி.டி.பி. நிலையங்களில் அச்சான கடைத் திறப்பு மலர்களையும் மணவிழா மலர்களையும் நினைத்துப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குவியல்தான் வரும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் உண்டு; எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும். தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. ஆகவே யூனிகோடு இல்லாத மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பழைய கோப்புகள் இருந்தால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால் இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, சந்தா. வாரம் ஒரு கேள்வி அனுப்பி, பதில்களைத் தொகுத்துப் புத்தகமாக்கித் தரும் சேவைகள் வெளிநாடுகளில் உண்டு. வசதிதான். ஆனால் எழுதியவர் காலமான பின் சந்தாவை யார் கட்டுவது? நிறுவனமே மூடிவிட்டால்? சரக்கை அடுத்தவர் கிட்டங்கியில் வைத்தால் சாவி நம் கையில் இருக்க வேண்டாமா? எழுதியது முழுவதையும் நம் கோப்பாக வெளியே எடுக்க வழியில்லாத எதையும் தொடக்கூடாது என்பது நம் கருத்து.

அப்படியானால் எது? செலவில்லாத லிப்ரே ஆபிஸ் போதும். மைக்ரோசாப்ட் வேர்டு ஏற்கனவே இருந்தால் அதுவும் சரியே. தட்டச்சு வராதவர்கள் கைப்பேசியில் ஜிபோர்டு மூலம் தமிழில் பேசியே எழுதலாம். நம் பேச்சு வழக்கையும் ஊர்ப் பெயர்களையும் அது தப்பாக எழுதும். வீட்டுப் பிள்ளை ஒருவர் உடனிருந்து திருத்தட்டும். அந்தச் சாக்கில் அவரும் கதையைக் கேட்பார். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராதென்றால் குரலையும் பதிவு செய்து வையுங்கள்.

மாதிரி பார்க்காமல் நாம் ஏலக்காய் எடுப்பதில்லை. அதுபோல ஒரு பக்கம் எழுதி, வேறு வீட்டுக் கணினியில் திறந்து, பி.டி.எப். ஆக்கி, அச்சிட்டும் பாருங்கள். சரியாக வந்தால் தொடருங்கள். முடிந்ததும் இரண்டு பென் டிரைவில் இரு வேறு வீடுகளிலும், நல்ல தாளில் அச்சிட்ட ஒரு பிரதி பெட்டகத்திலும் இருக்கட்டும்.

நம் பேரேட்டில் வரவும் செலவும் இருக்கிறது. முதலில் கடன் கொடுத்துக் கைதூக்கியவர் யார், ஏலம் கணினிக்கு மாறுமுன் போடியில் வாய்மொழியாக எப்படி விலை கேட்டார்கள், 2010 இறுதியோடு நின்று 2023இல் அகலப்பாதையில் திரும்பி வந்த போடி ரயிலில் முன்பு நாம் என்ன சரக்கு அனுப்பினோம் என்பதெல்லாம் அதில் இல்லை. அவை நம் தலைக்குள் மட்டுமே உள்ள இருப்பு. பிறர் கடனையும் பாகப்பிரிவினைச் சண்டையையும் பெயர் சொல்லி எழுதாமல், மற்றதை மறைக்காமல் எழுதுங்கள். மென்பொருள் தேடுவதிலேயே ஆண்டு ஓடிவிட வேண்டாம். உள்ளதைக் கொண்டு இந்த வாரமே தொடங்க வேண்டுகிறோம்.